மூன்று கணக்கில் ஒரே காடு

உங்கள் கம்பெனி விடுகிற புகையை எடை போட்டு அனுப்புங்கள் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எனக்கு வந்தது. காலை நேரம், மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. யாங்கோன் நகரத்துப் பசுந்தாங்கில் எங்கள் சந்து முழுவதும் தரையிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. நானும் என் தங்கையும் தையல்கூடத்து ஜன்னலோரம் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் சிரித்த முகத்தோடு அதைச் சொன்னாள். புகைக்கு ஏது எடை, இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று நான் தமிழில் முணுமுணுத்தேன். தங்கை என் காலை மிதித்தாள்.

அந்தப் பெண் வேலை பார்ப்பது கடல் கடந்த ஊரில் இருக்கும் ஒரு கடையில். எங்கள் சந்தில் உள்ள மூன்று சின்னக் கம்பெனிகள் சேர்ந்து அந்தக் கடைக்கு ஒரு பரிசுப் பெட்டி செய்து அனுப்புகிறோம். அட்டைப் பெட்டி, சந்து முனையில் இருக்கும் ஒரு பர்மிய அம்மாளின் வேலை. பெட்டிக்குள் போகும் துணிப்பையைத் தைப்பது நாங்கள். பைக்குள் போகும் மசாலாப் பொட்டலங்கள் எதிர்வரிசையில் மில் வைத்திருக்கும் பாயிடமிருந்து வரும். மூவரில் ஒருவர் தும்மினாலும் மற்ற இருவருக்கும் கேட்கும், அவ்வளவு குறுகல் எங்கள் சந்து.

இனிமேல் மூவரும் ஆண்டு முழுவதும் விடுகிற புகையை அளக்கவேண்டும், முடிந்த மட்டும் குறைக்கவேண்டும், குறைக்க முடியாமல் நிற்கும் மிச்சத்துக்கு மரம் நட்டு ஈடு கட்டவேண்டும் என்றாள் அந்தக் கடைக்காரப் பெண். ஈடு கட்டாத மிச்சம் எவ்வளவு நிற்கிறதோ, அதற்குத் தக்கபடி அடுத்த பருவத்தின் ஆர்டரைக் குறைத்துவிடுவார்கள். அவள் பேசிய ஆங்கிலத்தில் பாதி எனக்கும் மீதிப் பாதி தங்கைக்கும் புரிந்தது. இரண்டையும் ஒட்டிப் பார்த்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

காரணம் இதுதான். அந்த ஆர்டர் இருக்கும்வரை எங்கள் கூடம் அக்கா தங்கை இருவருக்கும் சோறு போடும். குறைந்தால் ஒருவருக்குத்தான் போடும். என் தங்கை அதை முன்பே யோசித்து வைத்திருந்தாள். மலேசியாவில் கையுறை செய்யும் ஆலைக்கு ஆள் எடுக்கிறார்கள், தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் இருக்கிறார், ஆர்டர் படுத்துவிட்டால் போய்விடுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். சொன்ன கையோடு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இவள் பாலத்தைத் தாண்டி தாகேதாவுக்குப் போனாலே திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டு எனக்குப் போன் செய்கிறவள். தின்கன்ஜூனில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் அவள் பேச்சு இல்லாத ஒரு பொழுதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எங்களுக்கு வேறு யாரும் கிடையாது. ஆகவே புகையை எடை போட உட்கார்ந்தேன்.

அது நான் நினைத்ததுபோல் காற்றைப் பிடிக்கிற வேலை இல்லை. எரித்தது எவ்வளவு என்று தெரிந்தால் போதும். ஜெனரேட்டர் குடித்த டீசலுக்கு இவ்வளவு கிலோ கரிப்புகை, மீட்டரில் ஓடிய யூனிட்டுக்கு இவ்வளவு என்று பெருக்கிப் பார்க்க வேண்டிய எண்களை அந்தப் பெண்ணே கொடுத்தாள். துறைமுகத்துக்குப் பை ஏற்றிப் போகும் லாரி, நாங்கள் வாரக் கடைசியில் கொல்லையில் கொளுத்தும் வெட்டுத்துணி, தையல்காரப் பெண்கள் ஏறி வரும் பஸ், துணியை நெய்த ஆலை விட்ட புகையில் எங்கள் பங்கு, எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. டீசலில்தான் மாட்டிக்கொண்டோம். கேனில் வாங்குவோம், ஊற்றுவோம், தீர்ந்தால் பாய் மில்லிலிருந்து கொஞ்சம் கடன் வாங்குவோம், அவரிடம் தீர்ந்தால் எங்களிடம் வாங்குவார். யார் ஜெனரேட்டர் எவ்வளவு குடித்தது என்று எந்தச் சாமிக்கும் தெரியாது.

தங்கை ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் ஊரில் மின்சாரம் முறை வைத்து வரும், முறை தவறியும் வரும். வந்த உடனே தெருவே ஒரே குரலில் "மீ லாபி" என்று கத்தும். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். மாடியில் துணி காயப்போடுகிறவர்கள், மீன் விற்கிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் கத்துவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் தங்கை சுவரில் சாக்கட்டியால் நேரத்தை எழுதுவாள். கரண்ட் போனதும் மறுபடி எழுதுவாள். போனதற்கும் அடுத்து வந்ததற்கும் இடையில் ஜெனரேட்டர் ஓடிய பொழுதெல்லாம் இப்படித்தான் பிடிபட்டது, மணிக்கு இவ்வளவு குடிக்கும் என்று பெருக்கிக்கொண்டோம். ஊரே கத்திச் சொன்ன கணக்கு என்பதால் எனக்கு அதில் சந்தேகம் வரவே இல்லை.

அளக்கத் தொடங்கிய பிறகு எனக்கு ஒரு மயக்கம்போல வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். மழைக் கண்ணாடிக்கு அப்பால் நகரம் கரைந்து ஓடும். மோஹிங்கா மீன்குழம்பு அண்டாவிலிருந்து எழும் ஆவி, கோயில் சூடம், படகுத்துறையில் இழுபடும் எஞ்சின், டீக்கடை அடுப்பு, முன்னால் போகும் லாரியின் வால், ஒவ்வொன்றும் மெதுவாக மூச்சு விடுவதாகத் தோன்றும். இத்தனை நாள் நான் பார்க்காத இன்னொரு நகரம் இந்த நகரத்தின் மேல் மிதந்துகொண்டிருந்தது. அதற்குக் கனம் இருந்தது. தங்கை என் தோளில் இடித்து, "அக்கா, எறங்கற எடம் வந்துருச்சு" என்பாள். அக்காவுக்குப் புகைப்பித்து பிடித்துவிட்டது என்று தையல்காரப் பெண்களிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனாலும் பித்துத் தெளியவில்லை.

குறைக்கிற வேலையைத் தையல் மிஷின்களிலிருந்து தொடங்கினோம். எங்களிடம் இருந்தவை கிளட்ச் மோட்டார் வைத்த பழைய மிஷின்கள். சுவிட்சைப் போட்டுவிட்டால் தைத்தாலும் தைக்காவிட்டாலும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். தையல்காரி நூல் கோக்கிறாள், எதிரில் இருப்பவளிடம் கதை பேசுகிறாள், எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறாள், அது பாட்டுக்கு உறுமிக்கொண்டு கரண்டைத் தின்னும். அவற்றைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் மாட்டினோம். மிதித்தால்தான் சுற்றும், காலை எடுத்தால் நின்றுவிடும். மொட்டைமாடியில் சூரியத் தகடுகள் வைத்து மோட்டாருக்கும் விளக்குக்கும் இணைத்தோம். இஸ்திரிப் பெட்டிதான் பெரிய தின்னி, அதைத் தகடு தாங்காது. ஆகவே தெரு கத்தும்போது மட்டும் இஸ்திரி போடுவது என்று வைத்துக்கொண்டோம். வெட்டுத்துணியைக் கொளுத்துவதை நிறுத்திவிட்டுத் தலையணை அடைப்பவர்களுக்குக் கொடுத்தோம். ஜெனரேட்டர் எப்போதாவதுதான் ஓடியது, அதன் மேல் சிலந்தி கூடு கட்டியது.

மோட்டார்களை மாற்றிய முதல் காலையை நான் மறக்கமாட்டேன். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மிதியிலிருந்து காலை எடுத்த ஒரு கணத்தில் கூடம் முழுவதும் சத்தம் நின்றது. எங்கேயோ துடுப்பு தண்ணீரைத் தொடுகிற சத்தம் கேட்டது. பசுந்தாங் ஓடை எங்கள் கூடத்தின் பின்சுவருக்கு அவ்வளவு பக்கத்தில் போகிறது என்று இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைய வெளிச்சம் வெள்ளைத் துணிச்சுருள்களின் மேல் விழுந்து கூடமே பாலில் நனைந்ததுபோல் இருந்தது. தங்கை ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டு பைக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை செய்யும்போது முனகுவாள் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இந்தச் சத்தத்தை விட்டுவிடக்கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது.

எவ்வளவு குறைத்தாலும் மிச்சம் நிற்கத்தான் செய்தது. துணி நெய்த ஆலையை நாங்கள் என்ன செய்யமுடியும்? லாரியை ஊதித் தள்ளவா முடியும்? ஈடு கட்ட மரம்தான் வழி என்று ஆனது. ஆற்றுக்கு அப்பால், கடல் உப்பு ஏறிவரும் கால்வாய்ப் பக்கம் ஒரு கிராமம். அங்கே சேற்றில் அலையாத்திக் கன்று நட்டு ஊராரே பார்த்துக்கொள்கிறார்கள், செலவை ஏற்றால் நம் பேரில் நட்டு, ஆண்டுதோறும் அளந்து படம் அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டோம். அந்தக் கடைக்காரப் பெண்ணும் விசாரித்துவிட்டுச் சரி என்றாள். போகிற படகின் டீசலையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள் என்று மறக்காமல் சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்தேன்.

கையில் இருந்ததை எல்லாம் துடைத்துப் போட்டுத்தான் அந்த மரங்களுக்குக் கொடுத்தோம். நடும் நாளில் நாங்கள் இருவரும் போனோம். படகு போகப்போகக் கரைகள் விலகி, தண்ணீர் எது மேகம் எது என்று பிரிக்க முடியாத ஒரு வெளுப்புக்குள் நுழைந்தோம். அலையாத்தி விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல நீளமாகத் தொங்கும். அதை எடுத்துச் சேற்றில் குத்தி நிறுத்தினால் போதும். முழங்கால்வரை சேற்றில் நின்று குத்திக்கொண்டே போனோம். தூரத்தில் ஊர்ப் பெண்கள் குனிந்து நிமிர்வது பனிக்குள் நாரைகள் நடப்பதுபோலத் தெரிந்தது. யாரும் அவசரப்படவில்லை. நான் என் வாழ்நாளில் அத்தனை நேரம் எரிச்சல்படாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

நட்டு முடித்ததும் தங்கை கரையேறி ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்துச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விட்டாள். பர்மாவில் எந்தத் தானம் செய்தாலும் கடைசியில் இதைச் செய்வார்கள். செய்த புண்ணியத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் எல்லா உயிருக்கும் பங்கு கொடுப்பது. அவள் காளி கோயிலுக்கும் போவாள், பகோடா என்கிற புத்தர் கோயிலுக்கும் போவாள், இரண்டு பக்கத்து முறையும் அவளுக்கு அத்துப்படி. "அம்யா, அம்யா, அம்யா" என்றாள். எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பங்கு இது என்று பொருள். சேற்றில் நின்ற பெண்கள் எல்லாரும் "தாடு, தாடு, தாடு" என்றார்கள். நன்று, ஏற்றுக்கொண்டோம் என்று பொருள். தண்ணீர் தரையில் விழுந்து மறைந்தது. எனக்குக் கண் கலங்கியது.

அதோடு அவள் விட்டுவிடவில்லை. மறுநாள் தேங்காய்ச் சோறு ஆக்கி, பாய் வீட்டுக்கும் அட்டைப் பெட்டி அம்மாள் வீட்டுக்கும் எடுத்துப் போனாள். அந்த அம்மாளை நாங்கள் அத்தை முறையில் "டோடோ" என்று கூப்பிடுவோம். தங்கை வாசலில் நின்று, நாங்கள் நட்ட காட்டில் உங்களுக்கும் பங்கு என்றாள். டோடோ கையைக் கூப்பி "தாடு" என்றார். பாய் நெஞ்சில் கை வைத்து அல்ஹம்துலில்லாஹ் என்றார். அவர்களுக்கும் அதே கடை, அதே கணக்கு, அதே மிச்சம். ஈடு கட்ட வழி தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை தாராளமாக, அந்தக் காட்டை உங்கள் கணக்கிலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அது சரியாகவே பட்டது. பங்கு கொடுத்தால் புண்ணியம் குறையாது என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வாங்கிக்கொண்டவருக்கும் முழுசு, கொடுத்தவருக்கும் முழுசு. காளி கோயில், மசூதி, பகோடா மூன்றும் அடுத்தடுத்து இருக்கிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மூன்று கம்பெனியும் முழுக் காட்டையும் எழுதி, மிச்சம் ஒன்றுமில்லை என்று பெருமையோடு அனுப்பிவைத்தோம்.

சில வாரம் கழித்து அந்தக் கடைக்காரப் பெண் திரையில் வந்தாள். இந்த முறை முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் கோபமும் இல்லை. பரிசுப் பெட்டி ஒன்றுக்கு மொத்தப் புகை எவ்வளவு என்று மூன்று கணக்கையும் கூட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரே கிராமம், ஒரே சேறு, ஒரே கன்றுகள் மூன்று கணக்கிலும் நின்றன. இது எப்படி என்று கேட்டாள். தங்கை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தண்ணீர் விட்டதைச் சொன்னாள், பங்கு கொடுத்ததைச் சொன்னாள், கொடுத்தால் குறையாது என்றும் சொன்னாள். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, மனிதர்களுக்குள் அது உண்மையாக இருக்கலாம், ஆனால் ஒரு மரம் ஒரு பங்குப் புகையைத்தான் குடிக்கும், மூன்று பேருக்காக மூன்று மடங்கு குடிக்காது என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வழியையும் அவளே சொன்னாள். காடு யாருடையது என்று நீங்கள் மூவரும் பேசி முடிவு செய்யுங்கள். செலவு செய்தவர்கள் முழுவதையும் வைத்துக்கொள்ளலாம், மற்ற இருவரும் தங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் பிரித்து எழுதுங்கள், மூவருக்கும் ஈடு போதாமல் போகும், மூவரின் ஆர்டரும் குறையும். வேறு மரம் உடனே நடவும் முடியாது. விதை மறுபடி முதிர்ந்து விழ ஒரு மழைக்காலம் போகவேண்டும். எங்கள் கையும் காலி.

அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். இருவருக்கும் நின்றபடி ஒரே கம்பியைப் பிடிக்கத்தான் இடம் இருந்தது. மரம் நம்முடையது, நாளைக்கே போய் இருவரிடமும் எடுத்துவிடச் சொல் என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். நான் குரலை உயர்த்தினேன்.

"குடுத்தாச்சுக்கா" என்றாள்.

"குடுத்தா என்ன? தெரியாமக் குடுத்துட்டோம்னு சொல்லு."

"அம்யா சொல்லித் தண்ணி விட்டுக் குடுத்தது. அதப் போயி திருப்பிக் கேக்க எனக்கு வாய் வராது."

"அப்ப நீ மலேசியாவுக்குப் போறியா?"

"பயமாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா கேக்க மாட்டேன்."

அவளைப் பளாரென்று அறையலாம்போல் இருந்தது. கட்டிக்கொள்ளலாம்போலவும் இருந்தது. கூட்டத்தில் இரண்டுக்கும் இடம் இல்லை. கண்ணாடிக்கு வெளியே சாலை விளக்குகள் எரியாத தெரு மங்கலாக நகர்ந்தது. இவளுக்கு வாய் வராவிட்டால் போகட்டும், எனக்கு வரும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை முதலில் பாய் மில்லுக்குப் போனேன். மல்லியும் மிளகாயும் அரைபடுகிற நெடியில் கண் எரிந்தது. பாய் என்னை உட்காரவைத்து டீ வரவழைத்தார். அந்தக் கடைக்காரப் பெண் அவரிடமும் பேசியிருந்தாள். நான் வந்த காரியம் அவருக்குத் தெரிந்தேயிருந்தது. "எடுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுத்துடறேம்மா" என்றார். "தங்கச்சி குடுத்துச்சு, வாங்கிக்கிட்டோம். நீங்க கேட்டா திருப்பித் தரவேண்டியதுதான். சொல்லுங்க, எடுத்துடவா?" அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மில்லில் வேலை செய்கிறவர்கள் எங்களைப் பார்க்காததுபோல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். டோடோவையும் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். எனக்கு வாய் வரும் என்று நான் நினைத்திருந்தது அவ்வளவு உறுதியாக இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

டோடோவின் பட்டறை வீட்டின் முன்கட்டிலேயே இருந்தது. அடுக்கி வைத்த அட்டைகளுக்கு நடுவே பசை வாசனை. கூப்பிட்டதும் உள்ளேயிருந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உனக்கு ஒன்று காட்டுகிறேன் வா என்று பர்மிய மொழியில் சொல்லி உள்கட்டுக்கு அழைத்துப் போனார். சுவரோரம் புத்தர் மாடம். அதற்குக் கீழே ஒரு முக்காலியில் அவருடைய கணவரின் படம். பெருந்தொற்று வந்த மழைக்காலத்தில் போனவர். ஊரெல்லாம் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலம் அது. டோடோவும் நின்றார். சிலிண்டர் கிடைப்பதற்குள் கணவர் போய்விட்டார். அப்போது சந்தில் யாரும் யார் வீட்டுக்கும் போகமுடியவில்லை. நாங்களும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம்.

அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் சட்டம் போட்டு வைத்திருந்தது. கிராமத்தார் எடுத்து அனுப்பிய சேற்றுநிலம், அதில் குச்சி குச்சியாக நிற்கும் எங்கள் கன்றுகள். தங்கைதான் டோடோவின் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். டோடோ அதைப் பெரிதாக அச்சடித்து வாங்கி வைத்திருக்கிறார். தனக்கு வந்த பங்கை அன்றைக்கே தண்ணீர் விட்டுக் கணவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். இறந்தவர்களுக்கும் பங்கு கொடுப்பது இங்கே வழக்கம். அதுவரை அவருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் எதைக் கொடுத்தாலும் மனசு ஆறாமல் இருந்ததாம்.

"காத்து கெடைக்காமப் போனாரு" என்றார் டோடோ, அவருடைய மொழியில். "இப்ப அவருக்குன்னு ஒரு காடு இருக்கு."

நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்கட்டில் வெளிச்சம் குறைவு. கன்றுகள் இருட்டுக்குள்ளிருந்து மெல்ல வெளியே வருவதுபோல் இருந்தன. எடுத்துவிடுங்கள் என்று இவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? யாரிடமிருந்து எடுப்பது? என் நாக்கில் இருந்த வாக்கியம் முழுசாகக் கரைந்துபோயிற்று. நான் எதற்கு வந்தேன் என்று டோடோ கேட்கவே இல்லை. வெறும் கையோடு அனுப்பக்கூடாது என்று இரண்டு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து அனுப்பினார்.

பாய் மில் வாசலில் நின்று, எடுக்கவேண்டாம், மூன்றாகப் பிரித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குள் வந்தேன். தங்கை பட்டி வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பிரித்து எழுதப்போகிறேன் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி மிஷினை மிதித்தாள். காலை எடுக்காமல் ஒரே மூச்சாக மிதித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று கணக்கும் திருத்திப் போயின. மூன்று ஆர்டரும் குறைந்து வந்தன. பாய் ஒரு அரவையை நிறுத்தினார். டோடோ தானே பசை தடவ உட்கார்ந்தார். மூன்று கம்பெனியும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன, ஒன்றும் மூடப்படவில்லை. ஆனால் எங்கள் கூடத்தில் அக்கா தங்கை இருவரும் சேர்ந்து பிழைக்க இடமில்லாமல் போயிற்று. தையல்காரப் பெண்கள் யாரையும் நிறுத்த என் தங்கை சம்மதிக்கவில்லை. நான் போகிறேன் என்று ஏஜெண்டிடம் போய் நின்றேன். அவர் என் பிறந்த ஆண்டைக் கேட்டுவிட்டு, உங்கள் வயதுக்கு எடுக்கமாட்டார்கள் என்று மரியாதையாகச் சொன்னார். வாசலில் நின்று அவரையும் மலேசியாவையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

அவள் போன காலையில் நல்ல வெயில். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. பையைத் தூக்கிக் காட்டினாள். அது எங்கள் கூடத்தில் தைத்த பை, கைப்பிடியில் தையல் விட்டிருந்தது. தைத்துக் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு அதுதான் தோன்றியது. பிறகு வெளியே வந்து சாலையோரம் நின்றேன். ஒரு விமானம் கிளம்பி வெகு உயரம் ஏறிப் போயிற்று. அவளுடையதுதானா என்று தெரியாது. வெண்மையான ஒரு கோடு நீலத்தில் நீண்டு, அகன்று, பஞ்சாகி, கடைசியில் வானம் வெறும் வானமாக ஆகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆண்டுக் கணக்கை நான் தனியாகத்தான் போட்டேன். மழைக்காலம் வந்துபோயிருந்தது. கொஞ்சம் மரம் கூடுதலாக நட்டிருந்தோம், இந்த முறை மூன்று கம்பெனியும் செலவைப் பகிர்ந்துகொண்டு. தெரு கத்திய நேரங்களைச் சுவரில் எழுதியது நான். டீசல், யூனிட், லாரி, பஸ் எல்லாம் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் இன்னொரு வரி சேர்த்தேன். யாங்கோனிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு ஆள், ஒரு வழி, விமானம். அதற்கும் பெருக்க ஒரு எண் இருந்தது. பெருக்கினேன். எங்கள் கூடத்தின் மிச்சம் அந்த ஒரு வரியால் ஏறியது.

அந்தக் கடைக்காரப் பெண் திரையில் வந்து அந்த வரியில் நின்றாள். அவள் குரலில் தயக்கம் இருந்தது. குடும்பத்தினர் போய்வரும் பயணத்தைக் கம்பெனிக் கணக்கில் எழுதத் தேவையில்லை, எடுத்துவிட்டால் உங்களுக்குத்தான் நல்லது என்றாள். கம்பெனி வேலையாகப் போனவர்களின் பயணத்தை மட்டும் எழுதினால் போதுமாம்.

எனக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை. இந்த முறை ஆங்கிலத்தைத் தேடவும் வேண்டியிருக்கவில்லை.

"கம்பெனி வேலையாகத்தான் போயிருக்கிறாள்" என்றேன்.